உலர்கண் நோய்

உலர்கண் நோய் அல்லது கண் உலர்வு என்பது, கண்ணின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் கண்ணீர்ப் படலம் அளவிலோ தன்மையிலோ குறைபடுவதால் உண்டாகும் நோய் ஆகும். கண் எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், பார்வை விட்டுவிட்டு மங்குதல் ஆகியன இதன் முதன்மையான அறிகுறிகள். பெயரில் உலர்வு என்று இருந்தாலும், இந்நோய் உள்ளவர்களுள் பலருக்குக் கண்ணில் நீர் வடிவதே முதல் அறிகுறியாக அமைகின்றது. இதனால் இந்நோய் தூசி ஒவ்வாமை என்றோ "மெட்ராஸ் ஐ" என்றோ தவறாகக் கருதப்பட்டு, பொருந்தாத மருந்துகள் பயன்படுத்தப்படுவது உண்டு.

பெரும்பாலானோருக்கு இது எளிய முறைகளால் கட்டுப்படுத்தக்கூடிய நாட்பட்ட நோயாகும். கடுமையான நிலையில் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வை பாதிக்கப்படலாம். நோயைக் காட்டிலும், மருத்துவரின் பரிந்துரை இன்றிப் பயன்படுத்தப்படும் சில சொட்டு மருந்துகளால் நேரும் பாதிப்பு பெரிதாக இருப்பதும் உண்டு.

வரையறை

கண்ணீர் குறைவாகச் சுரப்பதே கண் உலர்வு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கண்ணீர்ப் படலம் தொடர்பான ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு வல்லுநர் குழு 2007ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறிக்கைகள் இக்கருத்தை விரிவாக்கின. 2017ஆம் ஆண்டு வரையறையின்படி, உலர்கண் நோய் பல காரணிகளால் உண்டாகும் கண் மேற்பரப்பு நோய் ஆகும். கண்ணீர்ப் படலம் சமநிலை இழப்பது இதன் மையக் கூறு. படலம் நிலையின்றி உடைதல், கண்ணீரில் உப்புச் செறிவு மிகுதல், மேற்பரப்பில் அழற்சியும் சேதமும், நரம்பு உணர்ச்சியில் மாற்றம் ஆகியன இதற்குக் காரணமாகின்றன.

கண்ணீர்ப் படலத்தின் அமைப்பு

ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணின் மேல் ஒரு மெல்லிய படலம் பூசப்படுகின்றது. இதன் தடிமன் ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் மட்டுமே. இப்படலம் மூன்று பகுதிகளால் ஆனது.

* எண்ணெய்ப் பகுதி: இமைகளின் விளிம்பில் வரிசையாக அமைந்துள்ள மைபோமியன் சுரப்பிகள் இதனைச் சுரக்கின்றன. கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காப்பது இதன் பணி. இச்சுரப்பிகளை 1666ஆம் ஆண்டில் விவரித்த செருமானிய மருத்துவர் ஐன்ரிச் மைபோமின் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன.
* நீர்ப் பகுதி: மேல் இமைக்கு உட்புறம் உள்ள கண்ணீர்ச் சுரப்பியும் அதன் துணைச் சுரப்பிகளும் இதனைச் சுரக்கின்றன. உப்புகள், கிருமி எதிர்ப்புப் புரதங்கள் முதலியன இதில் அடங்கும்.
* சளிப் பகுதி: இமையின் உட்புறத்தையும் வெண்விழியையும் மூடியுள்ள இமையிணைப்படலத்தின் குவளை வடிவ உயிரணுக்கள் இதனைச் சுரக்கின்றன. நீர், கருவிழியின் மேல் வழுகி ஓடிவிடாமல் ஒட்டிப் பரவுவதற்கு இது தேவை.

ஒளி கண்ணுக்குள் நுழையும்போது முதலில் கடந்து செல்வது இப்படலத்தையே. எனவே படலம் உடைந்தால் உறுத்தலுடன் பார்வையும் மங்குகின்றது. ஒருமுறை கண் இமைத்தவுடன் பார்வை மீண்டும் தெளிவது இந்நோயின் குறிப்பிடத்தக்க இயல்பாகும்.

வகைகள்

உலர்கண் நோய் இரு பெரும் வகைகளாகப் பிரிக்கப்படுகின்றது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படலாம்.

1. நீர் குறைவால் உண்டாகும் வகை: கண்ணீர்ச் சுரப்பி போதிய அளவு சுரக்காத நிலை. சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் என்ரிக் சோகிரென் 1933ஆம் ஆண்டில் விவரித்த சோகிரென் நோய்த்தொகை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். இதில் உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகின்றது. கண்ணுடன் வாயும் உலர்கின்றது. இது பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது.
2. ஆவியாதலால் உண்டாகும் வகை: நீர் போதிய அளவு சுரந்தாலும், எண்ணெய்ப் பகுதி குறைபடுவதால் விரைவில் ஆவியாகிவிடும் நிலை. மைபோமியன் சுரப்பிகளின் வாய் அடைபடுவது இதற்கு முதன்மைக் காரணம். இரு வகைகளுள் இதுவே பரவலானது.

கண்ணில் நீர் வடிவதற்கான விளக்கம் இரண்டாம் வகையில் உள்ளது. படலம் உடைந்து கருவிழியின் நரம்புகள் உறுத்தப்படும்போது, மூளையின் தூண்டலால் கண்ணீர்ச் சுரப்பி திடீரென மிகுதியாகச் சுரக்கின்றது. இந்நீரில் எண்ணெயும் சளியும் உரிய அளவில் இல்லாததால் அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகின்றது. கண் மீண்டும் உலர்கின்றது.

காரணங்கள்

* அகவை கூடுதல். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் நேரும் இயக்குநீர் மாற்றங்கள்.
* நீரிழிவு, தைராய்டுக் கோளாறு, முடக்குவாதம் போன்ற நோய்கள்.
* சளிக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் சிட்டிரிசின் போன்ற மாத்திரைகள், சில மன அழுத்த மருந்துகள், முகப்பருவுக்கான ஐசோடிரெட்டினோயின்.
* கண்புரை அறுவை, லேசிக் போன்ற கண் அறுவைகள், தொடுவில்லை அணிதல்.
* இமை விளிம்பு அழற்சி.
* இமைத்தல் குறைதல். சாதாரணமாக மனிதர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கின்றனர். கணினி அல்லது கைபேசித் திரையை உற்றுநோக்கும்போது இது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகின்றது. முழுமையாக மூடாத அரை இமைப்புகளும் கூடுகின்றன.
* காற்று, புகை, தூசி, குளிரூட்டி போன்ற சூழல் காரணிகள்.

காசிமேடும் வட சென்னையும்

சென்னை மாநகரின் வடபகுதியில் இராயபுரத்தை ஒட்டி அமைந்துள்ள காசிமேடு, மீன்பிடித் துறைமுகத்தால் அறியப்படும் இடமாகும். சூழலும் தொழிலும் கண்ணீர்ப் படலத்தை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதற்கு இப்பகுதி ஒரு தெளிவான எடுத்துக்காட்டாகும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் இங்கு கண் உலராது என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஆவியாதலை முடிவு செய்வது ஈரப்பதம் மட்டும் அன்று. கண்ணின் மேல் வீசும் காற்றின் வேகமும் அதில் பங்கு கொள்கின்றது.

ஓடும் படகில் இருப்பவரின் முகத்தில் கடற்காற்றுடன் படகின் வேகத்தால் உண்டாகும் காற்றும் சேர்ந்து மோதுகின்றது. கண்ணீரில் உப்பு ஏறத்தாழ 0.9 விழுக்காடு. கடல்நீரிலோ ஏறத்தாழ 3.5 விழுக்காடு. எனவே கண்ணில் தெறிக்கும் கடல்நீர், கண்ணீரின் உப்புச் செறிவை உயர்த்திக் கண்ணின் மேற்பரப்பை உறுத்துகின்றது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலின் புற ஊதாக் கதிர்களும் சேர்கின்றன. விசைப்படகுகளில் பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்வோருக்குத் தூக்கக் குறைவும் டீசல் புகையும் கூடுதல் காரணிகள்.

கரையில் நடைபெறும் பணிகளிலும் இத்தகைய காரணிகள் உண்டு. வலை பின்னுதலும் கிழிந்த வலையைச் சீர்செய்தலும் நெடுநேரம் ஒரே இடத்தை உற்றுநோக்கும் பணிகள். இவற்றில் இமைத்தல் குறைவது கணினிப் பணியில் குறைவதைப் போன்றதே. கருவாடு உலர்த்தும் பெண்கள் வெயிலிலும் காற்றிலும் நெடுநேரம் இருக்கின்றனர். படகு பழுதுபார்க்கும் இடங்களில் வெல்டிங் ஒளியும் ஃபைபர் தேய்க்கும்போது எழும் தூளும் கண்ணைத் தாக்குகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை நடைமுறையில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளின் பழுதுபார்க்கும் பணிகள் மிகுதியாக நடைபெறுகின்றன. அதாவது கடலுக்குச் செல்லாத மாதங்களிலும் கண்ணுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

கடலோர வெயிலில் நெடுங்காலம் பணிபுரிவோருக்கு வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதும் உண்டு. இது டெரிஜியம் எனப்படுகின்றது. இது தனி நோயாயினும், மேடான சதையின் மேல் கண்ணீர்ப் படலம் சீராகப் பரவாததால் கண் உலர்வையும் உண்டாக்குகின்றது.

தூசியும் தொழிற்சாலை வளிகளும்

சென்னைத் துறைமுகத்தில் இறக்கப்பட்ட நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றின் தூசி குறித்து இராயபுரம் பகுதி மக்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். 2011ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, அவ்வாண்டிலேயே இச்சரக்குகளைக் கையாளுவது அங்கு நிறுத்தப்பட்டு, எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாற்றப்பட்டது. துறைமுகங்களுக்குச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகளின் புகையும் சாலைத் தூசியும், எண்ணூர்ப் பகுதி அனல்மின் நிலையங்களின் சாம்பலும் இன்றும் இப்பகுதியின் காற்றில் கலக்கின்றன.

தூசியால் உண்டாகும் உறுத்தலும் வேதிப்பொருளால் உண்டாகும் காயமும் வேறு வேறானவை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் இன்டர்நேசனல் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் பலர் கண் எரிச்சலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் உள்ளாகினர். அம்மோனியா ஈரத்தில் கரைந்து காரமாக மாறும் வளி. மிகுந்த செறிவில் அது கண்ணில் பட்டால் குவளை வடிவ உயிரணுக்களும் இமைச் சுரப்பிகளும் அழிந்து, பின்னாளில் நிலையான கண் உலர்வு ஏற்படக்கூடும். இத்தகைய நேரங்களில் சொட்டு மருந்தைத் தேடுவதில் காலம் கழித்தல் கூடாது. கண்ணைத் திறந்துவைத்துத் தூய நன்னீரால் குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து கழுவிய பின் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறிகுறிகள்

எரிச்சல், உறுத்தல், சிவத்தல், கண் களைப்பு, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், நூல் போன்ற சளி, படிக்கும்போது எழுத்துகள் மங்குதல் ஆகியன அறிகுறிகள். நீர் குறைவால் உண்டாகும் வகையில் இவை பெரும்பாலும் மாலையில் மிகுகின்றன. இமை விளிம்பு அழற்சி உள்ளவர்களுக்குக் காலையில் விழித்தவுடன் மிகுந்திருக்கலாம்.

பிற நோய்களிலிருந்து வேறுபடுத்தி அறியப் பின்வருவன உதவும்.

* மெட்ராஸ் ஐ எனப்படும் தொற்று திடீரெனத் தோன்றும். பீளை மிகுந்து இமைகள் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். கண் உலர்வு பரவாது.
* ஒவ்வாமையில் அரிப்பே முதன்மையானது. கண் உலர்வில் எரிச்சலும் உறுத்தலும் முதன்மையானவை.
* வெல்டிங் ஒளியால் உண்டாகும் பாதிப்பு, ஒளி பட்ட சில மணி நேரங்களுக்குப் பின் கடும் வலியுடன் தொடங்கும்.

கடும் வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, கருவிழியில் வெண்புள்ளி, கண்ணில் அடிபடுதல் ஆகியவை கண் உலர்வின் இயல்பான அறிகுறிகள் அல்ல. இவற்றுக்கு அன்றே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

கண்டறிதல்

செருமானிய மருத்துவர் ஓட்டோ சிர்மர் 1903ஆம் ஆண்டில் விவரித்த சோதனை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இதில் 5 மி.மீ. அகலமுள்ள வடிதாள் பட்டை கீழ் இமையின் ஓரத்தில் மடித்து வைக்கப்படுகின்றது. ஐந்து நிமிடங்களில் 5 மி.மீ. அளவுக்கும் குறைவாகவே தாள் நனைந்தால் கண்ணீர்க் குறைவு கடுமையானது எனக் கொள்ளப்படும்.

மற்றொரு சோதனையில், புளோரசின் என்னும் சாயம் கண்ணில் இடப்பட்டு, நீல ஒளியில் கண் பார்க்கப்படுகின்றது. இமைத்த பின் கண்ணீர்ப் படலம் உடைவதற்கு 10 நொடிகளுக்கும் குறைவாக ஆனால் படலம் நிலையற்றது எனப் பொருள். இச்சாயம் கருவிழியில் சேதமடைந்த இடங்களையும் காட்டிவிடும். இமையை மெல்ல அழுத்தி மைபோமியன் சுரப்பிகளின் எண்ணெயைப் பார்ப்பதும் முக்கியமான சோதனையாகும். நலமான சுரப்பியிலிருந்து தெளிந்த எண்ணெய் வரும்; அடைபட்ட சுரப்பியிலிருந்து பற்பசை போன்று கெட்டியாக வரும் அல்லது ஒன்றும் வராது.

பரவல்

இந்தியாவில் வெளிவந்த ஆய்வுகளின் எண்கள் பெரிதும் வேறுபடுகின்றன. வட இந்தியாவில் மருத்துவமனைக்கு வந்தோரிடம் அறிகுறி வினாத்தாள் கொண்டு நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தின் பதிவேடுகளைக் கொண்டு 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் இது ஏறத்தாழ 1.5 விழுக்காடு மட்டுமே. முன்னது அறிகுறிகளைக் கேட்டு அறிந்தது. பின்னது மருத்துவர் நோயை உறுதிசெய்து பதிந்தவர்களை மட்டும் கணக்கிட்டது. இந்நோயில் அறிகுறிகளும் சோதனை முடிவுகளும் எப்போதும் ஒத்திருப்பதில்லை என்பதையும் இவ்வேறுபாடு காட்டுகின்றது.

சிகிச்சை

சிகிச்சை படிப்படியாக அமைகின்றது. முதற்படி சூழலையும் பழக்கத்தையும் சீர்செய்தல். காற்றில் பணிபுரிவோர் பக்கங்களையும் மூடும் கண்ணாடி அணிவதும், அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிவதும் பயன் தரும். மின்விசிறி, குளிரூட்டி ஆகியவற்றின் காற்று முகத்தில் நேராகப் படாமல் இருத்தல் நன்று. கணினியில் பணிபுரிவோர் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 நொடிகள் பார்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். திரையைக் கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே வைத்தால் கண் திறந்திருக்கும் பரப்பு குறைந்து ஆவியாதலும் குறைகின்றது.

எண்ணெய்ச் சுரப்பி அடைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் அடிப்படை மருத்துவமாகும். தூய துணியைப் பொறுக்கக்கூடிய வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிடங்கள் வைக்க வேண்டும். துணி ஆறியதும் மீண்டும் நனைத்தல் தேவை. பின்னர் மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவி, விளிம்பைத் துடைக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஆனால் பல வாரங்கள் நாள்தோறும் செய்தாலே பயன் தெரியும்.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளில் கார்பாக்சி மெத்தில் செல்லுலோசு, ஐப்ரோமெல்லோசு, சோடியம் ஐயாலுரோனேட்டு போன்ற பொருள்கள் உள்ளன. பல சொட்டுகளில் கிருமி வளராமல் இருக்கப் பென்சால்கோனியம் குளோரைடு சேர்க்கப்படுகின்றது. இப்பொருளே அடிக்கடி பட்டால் கண் மேற்பரப்பைச் சேதப்படுத்தும். எனவே நாளுக்கு நான்கு முறைக்கு மேல் சொட்டு தேவைப்படுவோருக்கு, பதப்படுத்தி சேர்க்காத சொட்டுகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றால் குறையாத நோய்க்கு, அழற்சியைக் குறைக்கும் சைக்ளோசுபோரின் சொட்டு தரப்படுகின்றது. இது அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. பயன் தெரியப் பல வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். கண்ணீர் வடியும் துளைகளைச் சிறு அடைப்பான்களால் மூடுதல், நோயாளியின் குருதியிலிருந்து பிரித்த சீரத்தைச் சொட்டாக இடுதல் ஆகியன கடுமையான நிலைக்கு உரியவை.

தவிர்க்க வேண்டியவை

கண் சிவந்தவுடன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டுகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஊக்கமருந்துகள் (ஸ்டீராய்டு) கலந்திருக்கக்கூடும். இவை அழற்சியை விரைந்து அடக்குவதால் நோய் தீர்ந்தது போலத் தோன்றும். மருத்துவரின் கண்காணிப்பில் குறுகிய காலம் பயன்படுத்தும்போது இவை நல்ல மருந்துகளே. கண்காணிப்பின்றி வாரக்கணக்கில் பயன்படுத்தினால் கண்ணின் உள் அழுத்தம் உயர்ந்து, கண் அழுத்த நோய் உண்டாகலாம். அதனால் இழந்த பார்வை மீளாது. கண்புரையும் கிருமித் தொற்றும் ஏற்படலாம். இந்தியச் சட்டப்படி இவை மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கப்பட வேண்டிய மருந்துகள். சிவப்பை மட்டும் மறைக்கும் நாபசோலின் வகைச் சொட்டுகளைத் தொடர்ந்து இட்டால், நிறுத்தியவுடன் சிவப்பு முன்னிலும் கூடும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பூச்சாறு முதலியவற்றைக் கண்ணில் விடும் வழக்கமும் உண்டு. இவை கிருமி நீக்கப்படாதவை. கருவிழியில் சிறு சிராய்ப்பு இருந்தாலும் இவற்றால் தொற்று ஏற்பட்டுப் புண்ணாகக்கூடும்.

சொட்டு மருந்தின் தூய்மை எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2023ஆம் ஆண்டு நிகழ்வு காட்டியது. சென்னைக்கு அருகே குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனத்தின் ஆலையில் உருவாகி அமெரிக்காவில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் சொட்டுகள், மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாசு ஏருஜினோசா என்னும் பாக்டீரியாத் தொற்றுடன் தொடர்புபடுத்தப்பட்டன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 4 பேர் இறந்தனர். 14 பேர் பார்வை இழந்தனர். 4 பேருக்குக் கண் அகற்றப்பட்டது. திறக்கப்பட்ட குப்பிகளில் இப்பாக்டீரியா காணப்பட்டது. 2023 பிப்ரவரியில் நிறுவனம் அச்சொட்டுகளைத் திரும்பப் பெற்றது. ஆலையின் கிருமிநீக்க முறைகளில் குறைகள் இருந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தெரிவித்தது. ஆலையில் எடுத்த மாதிரிகளில் மாசு இல்லை என்று தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தெரிவித்தது.

பயனர் அளவில் கடைப்பிடிக்க வேண்டியவை எளியவை. கையைக் கழுவிய பின்னரே சொட்டு இட வேண்டும். குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. ஒருவர் பயன்படுத்திய குப்பியைப் பிறர் பயன்படுத்தக்கூடாது. திறந்து ஒரு மாதம் ஆன குப்பியை எறிந்துவிட வேண்டும். பதப்படுத்தி இல்லாத ஒருமுறைக் குப்பிகளை மிச்சம் வைக்கக்கூடாது.

உணவும் மீன் எண்ணெயும்

மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் கண் உலர்வைக் குறைக்கும் என்ற எண்ணத்தில் மீன் எண்ணெய் மாத்திரைகள் பரவலாக விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் 535 பேரிடம் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஓராண்டுக் காலம் நாள்தோறும் 3000 மி.கி. ஒமேகா-3 உட்கொண்டோருக்கும், ஒலிவ எண்ணெய் உட்கொண்டோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் மாத்திரையைக் கண் உலர்வுக்கான மருந்தாகக் கொள்ள இவ்வாய்வு இடம் தரவில்லை.

உயிர்ச்சத்து ஏ குறைபாடு

உயிர்ச்சத்து ஏ குறைபாட்டால் குழந்தைகளுக்கு உண்டாகும் கண் உலர்வு, மேற்கூறிய நோயிலிருந்து வேறானது. இது மாலைக்கண்ணில் தொடங்கி, வெண்விழியில் நுரை போன்ற புள்ளிகளாகத் தோன்றி, இறுதியில் கருவிழி உருகி நிலையான குருட்டில் முடியலாம். இதனைத் தடுக்க இந்திய அரசு 1970ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து ஏ வழங்கி வருகின்றது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1990ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வாரந்தோறும் சிறு அளவில் உயிர்ச்சத்து ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது கண்டறியப்பட்டது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்கும் என்பதற்கு இது ஒரு முக்கியமான சான்றாக அமைந்தது. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, மீன் ஈரல் ஆகியவற்றில் இச்சத்தோ இதன் முன்பொருளோ உள்ளது.

மருத்துவ வசதி

காசிமேட்டுக்கு அண்மையில் உள்ள பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவமனை ஆகும். இங்கு கண் மருத்துவப் பிரிவு உள்ளது. எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இது உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாகும். சிர்மர் சோதனைக்குத் தேவை ஒரு தாள் பட்டையும் ஐந்து நிமிட நேரமுமே. எனவே பல மாதங்களாகச் சொட்டு மருந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருவோர், அடுத்த குப்பியை வாங்கும் முன் ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்வதே தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

* கண்ணீர்
* கருவிழி
* மெட்ராஸ் ஐ
* கண் அழுத்த நோய்
* மாலைக்கண்
* காசிமேடு